வெள்ளை பூத்தது கெட்டதில்லை, வாசனை மாறாதது நல்லதுமில்லை

“சாக்லேட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பூசணம்” என்று வீட்டில் செய்ததைக் குப்பையில் கொட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பூசணமே இல்லை. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் அலமாரிக்குள் இளகிய சாக்லேட், ராத்திரி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலே வந்து படிகிறது. விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள்; கைச்சூட்டில் கரைந்து மறைந்தால் கொழுப்பு. சொரசொரத்தால் சர்க்கரை: ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறந்ததால் வேர்த்த ஈரம் செய்த வேலை. இரண்டையும் தைரியமாகச் சாப்பிடலாம். பூசணம் பஞ்சு மாதிரி மேலெழும்பி நிற்கும். ஈரமுள்ள கேக்கிலும், சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷிலும்தான் அதிகம் வரும். வந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. மென்மையான பண்டத்துக்குள் அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கியிருக்கும். முழுவதையும் போட்டுவிடுங்கள்.

“வாசனை நன்றாகத்தானே இருக்கிறது?” எனக்குப் பயம் தருவது இந்த நம்பிக்கைதான். புளித்த வாடை, பிரிந்து நிற்கும் தண்ணீர், மேலே குமிழி, பிசுபிசுப்பு எல்லாம் கெட்டதற்கு அடையாளங்கள்தான். ஆனால் பச்சை முட்டை அடித்துச் சேர்த்த மூஸில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் நிறமும் மாறாது, ருசியும் மாறாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு அந்த மூஸைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். முட்டை இல்லாமல் கிரீமை மட்டும் அடித்துச் செய்தாலே அருமையாக வரும். கையிலிருந்து ஒட்டும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி கிரீமில் பெருகி வெளியிடும் நஞ்சோ, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

“சர்க்கரை இருக்கிறது, கெடாது” என்பது மைசூர்பாகுக்குப் பொருந்தும். அதில் தண்ணீர் மிகக் குறைவு. கிரீமும் பாலும் சேர்ந்த பண்டத்துக்குப் பொருந்தாது. அதை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். சென்னையில் கோடை முழுக்க இந்தக் கணக்குதான். கிரீம் இல்லாத பிரவுனி, மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வெளியே தாங்கும்.

சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் ஆறவிடுவதும் தவறு. அகலமான பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து எடுத்ததை மூடியபடியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக விடுங்கள். மூடியை அதற்குப் பிறகு திறந்தால் வேர்ப்பது குறையும்.