திரை தாவாமல் நகர…

மாணவர்களே, நீண்ட நிரலைப் படிக்கும்போது எந்த வரியில் இருந்தோம் என்று தேடியதுண்டா? விம் என்னும் எடிட்டரை எடுத்துக்கொள்வோம். பிராம் மோலெனார் 1991இல் வெளியிட்ட மென்பொருள் இது. இதில் கன்ட்ரோல் விசையோடு டி விசையை அழுத்தினால், பாதித் திரை அளவுக்கு நிரல் நகரும். 40 வரிகள் தெரியும் திரையில் 20 வரிகள் ஒரே தாவலில் மாறிவிடும். வரிகள் நகர்வது தெரிந்தால்தான் கண் அவற்றைப் பின்தொடர முடியும்.

விம் ஸ்கிரிப்டில் ஒரு சிறு சுழல் எழுதி இதைச் சரிசெய்யலாம். சுழல் 20 முறை ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வேலைகள்:

1. திரையையும் கர்சரையும் ஒரு வரி நகர்த்துதல்.
2. ‘ரீட்ரா’ கட்டளையால் திரையை மீண்டும் வரைதல்.
3. ‘ஸ்லீப்’ கட்டளையால் சற்றுக் காத்திருத்தல்.

இரண்டாவதை விட்டுவிட்டால் இடைநிலைகள் திரைக்கு வராமல் போகலாம்.

எவ்வளவு காத்திருப்பது? 20 மில்லி விநாடி என்றால், 20 × 20 = 400; அதாவது 0.4 விநாடி. 50 என்றால் முழுதாக 1 விநாடி, அது எரிச்சலூட்டும். 5 என்றால்? விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரைக்கு, ஒரு படத்துக்கு ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி தேவை. எனவே பல நிலைகள் கண்ணுக்கே தெரியாது.

நிலையத்தை நெருங்கும் ரயில் வேகத்தைக் குறைப்பதுபோல, கடைசி 5 சுற்றுகளின் காத்திருப்பை 30, 40, 50, 60, 70 என்று கூட்டிப் பாருங்கள். எங்கே நிற்கப்போகிறது என்பதைக் கண் முன்கூட்டியே உணரும். மொத்த நேரம் 0.55 விநாடி வருகிறதா? நீங்களே கணக்கிடுங்கள்!