நீலக்கல்லை வென்ற பிளாஸ்டிக்

நம்பிக்கை: உடலுக்குள் வைக்கும் கருவியை எவ்வளவு கெட்டியான பொருளில் செய்கிறோமோ, அவ்வளவு காலம் உழைக்கும்.

உண்மை: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் சகாக்களும் செயற்கை இதய வால்வு செய்ய இறங்கியபோது இந்த நம்பிக்கை பொய்ப்பதை நேரிலேயே பார்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன ஏழை நோயாளிகளுக்கு இறக்குமதி வால்வின் விலை எட்டாததாக இருந்தது. அவர்கள் செய்ய நினைத்த வால்வு பார்வைக்கு எளிமையானது: ஓர் உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் வட்டத் தட்டு.

தட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைப் போட்டுப் பார்த்தார்கள். விளம்பரத்துக்கு எவ்வளவு எடுப்பான பெயர்! கல் தேயவில்லைதான், தன்னைத் தாங்கிய டைட்டானியச் சட்டத்தைத் தேய்த்துவிட்டது. சட்டத்தைக் கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள். விலங்குச் சோதனையில் இந்த முறை நீலக்கல்லே உடைந்தது.

இவற்றையும் சேர்த்து மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு, நான்காவதில் தட்டு பிளாஸ்டிக் ஆயிற்று. செயற்கை இடுப்பு மூட்டுக்குப் பயன்படும் உறுதியான பாலிஎத்திலீன் ரகம் அது. உலோகத்தோடு ஒத்துப்போனது, சத்தமும் குறைவு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டிடிகே குழுமம் அதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நம்பிக்கை: பத்து வருஷம் உழைக்குமா என்று தெரிய பத்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

உண்மை: இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. பத்து வருஷத்துக்கு 36 கோடிக்கு மேல். இயந்திரத்தில் வைத்து இதயத்தைவிடப் பலமடங்கு வேகமாகத் திறந்து மூடவைத்தால் தேய்மானத்தை முன்கூட்டியே அளந்துவிடலாம். ஆனால் வால்வில் ரத்தம் உறையுமா என்பதை அந்த இயந்திரம் காட்டாது. ஆகவே விலங்குச் சோதனை, அதற்குப் பின் கண்காணிப்போடு சில நோயாளிகள், அதற்கும் பின்புதான் மற்றவர்கள்.

நம்பிக்கை: அனுமதி கிடைத்துவிட்டால் வடிவமைப்பு வேலை முடிந்தது.

உண்மை: அமெரிக்காவில் ஷைலி நிறுவனத்தின் பியோர்க்-ஷைலி குவி-குழி தட்டு வால்வுக்கு 1979இல் அனுமதி கிடைத்தது. தட்டைப் பிடித்திருந்த கம்பிகளில் ஒன்று வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. சில வால்வுகளில் அந்தப் பற்றவைப்பு விட்டுப்போய், தட்டு கழன்று ரத்த ஓட்டத்தில் போனது. பலர் இறந்தார்கள். 1986இல் விற்பனையை நிறுத்தினார்கள். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வின் சட்டத்தில் பற்றவைப்பே கிடையாது. ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுப்பது.

பியோர்க்-ஷைலி வால்வின் விற்பனையை நிறுத்தியதோடு தீர்ந்ததா? ஏற்கெனவே நெஞ்சில் அந்த வால்வோடு ஆயிரக்கணக்கானோர் நடமாடினார்கள். உடைந்தாலும் உடையலாம் என்று அப்படியே விட்டுவைப்பதா, ஆபத்து தெரிந்தே மறுபடி நெஞ்சைத் திறந்து மாற்றுவதா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டியிருந்தது.