அறிதிறன் வானொலியும் அதன் செவியும்

வானலைகள் கண்ணுக்குப் புலப்படாத நிலம் போன்றவை. அந்நிலத்தைத் தொலைக்காட்சிக்கு இவ்வளவு, காவல்துறைக்கு இவ்வளவு, கைப்பேசிக்கு இவ்வளவு என அரசு பகிர்ந்தளிக்கின்றது. ஆயினும் உரிமம் பெற்றோர் அதனை எல்லா இடத்திலும், எல்லா நேரத்திலும் பயன்படுத்துவதில்லை. தரிசாய்க் கிடக்கும் அலைவரிசையைத் தானே கண்டறிந்து பயன்படுத்தி, உரியவர் வந்ததும் விலகிக்கொள்ளும் கருவியே அறிதிறன் வானொலி. 1999-இல் ஜோசப் மிட்டோலா இக்கருத்தை முன்வைத்தார்.

நம் நாட்டில் தரிசு எவ்வளவு? மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014-இல் இதற்கு விடை தந்தனர். தொலைக்காட்சிக்குரிய 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 120 மெகாஹெர்ட்ஸில், சராசரியாக 100-க்கும் மேற்பட்டவை பயன்படாதிருந்தன என்பதே அவ்விடை. சிற்றூர்களுக்கு இணையம் கொண்டுசெல்ல இது அரியதொரு வாய்ப்பன்றோ? ஆனால் தடை எங்கே உள்ளது?

தடை கருவியின் மூளையில் இல்லை, செவியில் உள்ளது. ஆவடி நிலையத்தில் மின்தொடர்வண்டி ஊதுகையில், அருகிலிருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வோம். கருவியின் நிலையும் அதுவே. 2008-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் வகுத்த விதிப்படி, ஒரு வாட்டை 250 இலட்சம் கோடி கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறளவே ஆன மெல்லிய அலையையும் அது உணர வேண்டும்.

சாதாரண வானொலியில் வடிப்பான் ஒரு நிலையத்தை மட்டும் உள்ளே விடும். அறிதிறன் வானொலியோ பரந்த அலைவரிசை முழுவதையும் கேட்க வேண்டியது. எனவே அருகிலுள்ள கோபுரத்தின் வலிய அலையும் உடன் நுழைகின்றது. பெருக்கி திணறி, இல்லாத அலைகளைப் போலியாகத் தோற்றுவிக்கின்றது. அலையை எண்ணாக மாற்றும் உறுப்புக்கும் இடர்ப்பாடு உண்டு. ஒரு பிட் கூடினால் 6 டெசிபெல் கிடைக்கும். ஆற்றலில் 100 கோடி மடங்கு வேறுபட்ட இரு அலைகளை ஒருங்கே அளக்க ஏறத்தாழ 15 பிட் தேவை. பிட்டும் வேகமும் கூடக்கூட விலையும் மின்செலவும் கூடும்.

இன்னொன்றும் உண்டு. பூவிருந்தவல்லியில் உயர்ந்த கட்டடமொன்றின் மறைவில் இக்கருவி இருப்பதாகக் கொள்வோம். அதன் செவிக்கு அலை எட்டாது. ஆனால் அடுத்த தெருவில் மாடிமேல் அலைவாங்கி வைத்தவர் அதே அலையில் படம் பார்த்துக்கொண்டிருப்பார். காலியென்று எண்ணிக் கருவி பேசத் தொடங்கினால் அயலாரின் உரிமை கெடும். இத்தகைய இடர்ப்பாடுகளைக் கண்டே அமெரிக்க ஆணையம், 2010-இல், செவியை மட்டும் நம்பாது, எவ்விடத்தில் எவ்வலை காலி என்று கூறும் தரவுத்தளத்தைக் கேட்டறியும் முறையைப் போதுமென ஏற்றது. தரவுத்தளம் நல்ல துணை. ஆயினும் அதில் பதிவாகாத அலையை அது அறியாது.

ஆகவே மென்பொருள் மட்டும் கற்றால் போதும் என்னும் எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ளல் வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் நம் மாணவர்கள், பற்றவைப்புக் கோலையும் வடிப்பானையும் கையாளப் பழகுதல் நன்று. பேசுமுன் கேள் என்பது மனிதர்க்கு மட்டுமன்று, கருவிக்கும் உரிய அறமாகும். அச்செவியை ஆக்கித் தருவோர் நம்மிடையே தோன்றுவாராக!