திறமையை அளக்கும் கோல் எது?

மாணவர்களே, பள்ளித் திடல்தடப் போட்டி முடிந்ததும், மாவட்ட நிலைக்குத் தேர்வானவர்களின் பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஜாசினிலோ, அலோர் காஜாவிலோ, மலாக்கா நகரிலோ, எங்கு படித்தாலும் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர், "எனக்கு ஓட வராது" என்று 13 வயதிலேயே ஓட்டத்தைக் கைவிட்டுவிடக்கூடும். ஒரே நாள், ஒரே ஓட்டம், ஒரே எண். அதை மட்டும் வைத்து ஒருவர் பின்னாளில் எப்படி விளையாடுவார் என்று கணிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஏராளமான பணம் செலவிடும் விளையாட்டு ஒன்று உண்டு. அது அமெரிக்கக் காற்பந்து. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம் அது. பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். அவர் வீசுவதற்குள் தடுப்பாளர்களைத் தாண்டிச் சென்று அவரை வீழ்த்துவது எதிரணியின் தாக்குநரின் வேலை. அப்படி வீழ்த்துவதைச் 'சேக்' என்பார்கள். தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சோதித்து, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 40 கெஜ ஓட்டம், அதாவது ஏறக்குறைய 36.6 மீட்டர், அந்தச் சோதனைகளுள் புகழ்பெற்றது.

இரண்டு வீரர்கள்

வெர்னன் கோல்ஸ்டன் 2008இல் சோதனைக்கு வந்தார். ஏறக்குறைய 121 கிலோ எடையுள்ள அவர், 40 கெஜத்தை 4.7 விநாடிக்குள் ஓடினார். 102 கிலோ பளுவை 37 முறை தூக்கினார். நியூயார்க் ஜெட்ஸ் குழு அவரை ஆறாவது தேர்வாக எடுத்தது. அங்கு அவர் இருந்த மூன்று பருவங்களில் ஒரு சேக்கூட எடுக்கவில்லை.

டெரல் சக்ஸ் 2002இல் கல்லூரி ஆட்டங்களில் ஒரே பருவத்தில் 24 சேக் எடுத்தவர். ஆனால் 40 கெஜத்தை ஓட அவருக்கு 4.8 விநாடிக்கு மேல் ஆனது. வேகம் போதாது என்ற பேச்சு எழுந்தது. 2003இல் பால்டிமோர் ரேவன்ஸ் அவரைப் பத்தாவது தேர்வாக எடுத்தது. முதல் பருவத்திலேயே 12 சேக். ஓய்வு பெறும்போது மொத்தம் 139.

இரண்டு பேரை மட்டும் வைத்து விதி எழுதக்கூடாது. சோதனையில் சிறந்து, ஆட்டத்திலும் சிறந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பதை இவ்விருவரும் நமக்குக் கற்றுத் தருகிறார்கள்.

1. சோதனை எதை அளக்கிறது?

குவார்ட்டர்பேக் பெரும்பாலும் 3 விநாடிக்குள் பந்தை வீசிவிடுவார். தாக்குநருக்கோ அவரை அடையச் சில மீட்டர் தூரமே. அங்கே 36 மீட்டர் நேரோட்டத்தைவிட, முதல் சில அடிகளில் வரும் முடுக்கமும், தடுப்பாளரின் கையை விலக்கும் நுட்பமும் முக்கியம். ஓட்டச் சோதனை வேகத்தைச் சொல்லும்; அந்த நுட்பத்தைச் சொல்லாது.

நீங்கள் பள்ளியில் செய்யும் செகாக் சோதனையும் அப்படித்தான். பலகையில் ஏறி இறங்குதல், தண்டால், பாதி எழுந்து படுத்தல், உட்கார்ந்து கையை முன்னே நீட்டுதல் ஆகியவை தாங்கும் ஆற்றலையும் தசை வலிமையையும் உடல் வளைவையும் அளக்கின்றன. 100 மீட்டர் ஓட்டத் திறனை அவை அளப்பதில்லை. செகாக்கில் புள்ளி குறைந்தவர் நல்ல ஓட்டக்காரராக இருக்கலாம்.

2. அளவீட்டில் பிழை எவ்வளவு?

மலாக்காவின் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 2016 சுக்மா போட்டியில், 18 வயதில், 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு 200 மீட்டரை 20.90 விநாடியில் ஓடி, டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பதித்த 20.92 விநாடிச் சாதனையை 49 ஆண்டுகளுக்குப் பின் முறியடித்தார். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற நம் வீரர்.

அந்த இரு நேரங்களின் வேறுபாடு 0.02 விநாடி மட்டுமே. மின்னணுக் கருவி இதைப் பிரித்துக் காட்டும். கையால் இயக்கும் நிறுத்துக் கடிகாரத்தால் முடியாது. துப்பாக்கி ஒலி கேட்டு விரல் அழுத்தச் சற்றுத் தாமதம் ஆகும். முடிவுக்கோட்டிலோ, ஓடி வருபவரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாமதம் குறையும். எனவே கைக்கடிகாரம் உண்மையைவிடக் குறைந்த நேரத்தைக் காட்டும். 100 மீட்டரில் இதை ஈடுகட்ட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். பள்ளித் திடலில் 12.0 என்றால் ஏறக்குறைய 12.24 எனக் கொள்ளுங்கள். 0.1 விநாடியில் ஒருவர் முந்த, மற்றவர் பட்டியலுக்கு வெளியே நின்றால், அந்த வேறுபாடு காலில் இருந்ததா, விரலில் இருந்ததா?

3. உடலின் வயது என்ன?

12 வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் சேர்ந்தே ஓடுகிறார்கள். ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு என்பது அந்த வயதில் வாழ்நாளின் 8 விழுக்காடு. கனடாவின் பனி ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான ஆய்வு, முன்னணிக் குழுக்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி என்று காட்டியது. பருவ வளர்ச்சியும் எல்லாருக்கும் ஒரே வேளையில் வருவதில்லை. பெண்களுக்குப் பொதுவாக 12 வயதையொட்டியும், ஆண்களுக்கு 14 வயதையொட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடும். சிலருக்கு முன்பின் ஆகும். முந்தி வளர்ந்தவர் இன்று வெல்லலாம். பிந்தி வளர்பவர் நாளை எட்டிப் பிடிக்கலாம். ஆகவே தேர்வானவர் பயிற்சியை விட்டுவிடக்கூடாது. தேர்வாகாதவர் திடலை விட்டுவிடக்கூடாது.

செய்து பாருங்கள்

திடலில் 30 மீட்டர் அளந்து குறியிடுங்கள். மாதம் ஒரு நாள், போதிய ஓய்வுடன் மூன்று முறை ஓடி, சராசரி காணுங்கள். கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் ஒரே நண்பர் இயக்கட்டும். அன்றைய உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்குப் பின் வரைபடம் வரையுங்கள். ஒரு புள்ளி அன்றைய நாளைப் பற்றி மட்டும் சொல்லும். ஆறு புள்ளிகள் சேர்ந்த கோடு, நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைச் சொல்லும்.