வீடு யார் பெயரில்?

நிரந்தர வீடு கிடைக்கப்போகிறது என்றதும் முதலில் எழும் கேள்விகள் தெரிந்தவைதான்: எந்த இடத்தில், எத்தனை அறை, கிணறு உண்டா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம். வீடு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் கையொப்பம் வைக்கும் நாளில்தான் கவனிக்கிறோம். அந்த நேரத்தில் அதை மாற்றுவது கடினம். பாண்டிருப்பும் அயலூர்களும் சுனாமிக்குப் பின் கண்ட அனுபவத்தை வைத்து இதைப் பார்ப்போம்.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மகளைக் கட்டிக்கொடுக்கும்போது வீடும் வளவும் அவளுக்கே போகும். மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருப்பார். தாய் தகப்பன் அதே வளவில் சிறியதாய் இன்னொரு வீடு போட்டுக்கொள்வார்கள், அல்லது அடுத்த மகளுக்கான வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். பாண்டிருப்பில் ஆகட்டும், மருதமுனையில் ஆகட்டும், ஒரே வேலிக்குள் தாயும் இரண்டு மூன்று பெண்மக்களின் குடும்பங்களும் இருப்பது புதினமல்ல.

2004 டிசம்பர் 26இல் கடல் இந்த வளவுகளை அள்ளிக்கொண்டு போனது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். பாடசாலைகளில் தங்கியவர்கள் கூடாரத்துக்கும், பின் தகரக் கொட்டிலுக்கும் போனார்கள். நிரந்தர வீட்டுக்கு அரசாங்கம் இரண்டு வழிகளை வைத்தது. வட, கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்கு அப்பால் காணி இருந்தால், உரித்தைக் காட்டி அதே இடத்தில் கட்டலாம். முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதி சேதத்துக்கு 100,000 ரூபா, தவணை தவணையாக. 200 மீற்றருக்கு உள்ளே இருந்தவர்கள் வேறிடம் போகவேண்டும். அவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டிக்கொடுக்கும்.

கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் உள்ள ஒடுங்கிய மண்ணில்தான் கல்முனைப் பகுதி முழுவதும் குடியிருக்கிறது. அதில் 200 மீற்றரைக் கழித்தால் மீதி என்ன? வயலை நிரப்பவோ தனி அனுமதி வேண்டும். அதனால்தான் கல்முனையில் தொடர்மாடி வீடுகள் வந்தன. வலையை எங்கே காயப்போடுவது என்று மீனவக் குடும்பங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பின்னர் 200 மீற்றர் விதி தளர்த்தப்பட்டு, இடத்துக்கு இடம் வேறுபடும் எல்லை வந்தது. மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரே ‘65 மீற்றர்’.

பெயர்ச் சிக்கல் இந்த இரண்டாவது வழியில்தான் கூடுதலாக வந்தது. பழைய வளவின் உறுதி தாயின் பெயரிலோ மகளின் பெயரிலோ இருந்தது. புதிய வீட்டுக்கான படிவம் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரே ஒரு பெயரைக் கேட்டது. பல இடங்களில் கணவரின் பெயர் எழுதப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. படிவம் கேட்டது, பேனா எழுதியது. ஆனால் தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த சொத்து, ஒரு கட்டத்துக்குள் கை மாறியது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கேட்டது இதனால்தான்.

ஆகவே பதிவின்போதே பேசுங்கள். கிராம உத்தியோகத்தர் விபரம் எடுக்கும்போது, இழந்த வீடு யாருடையது என்று சொல்லி, அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வளவில் மூன்று குடும்பம் இருந்திருந்தால் மூன்றையும் தனித்தனியே பதியுங்கள். உறுதி கடலோடு போயிருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அது கிடைக்கும்வரை சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்பட்டியல், வாக்காளர் இடாப்பில் உள்ள பதிவு ஆகியவை நீங்கள் அங்கு வாழ்ந்ததைக் காட்ட உதவும். பயனாளிகள் பட்டியலைத் தயாரிப்பது பிரதேச செயலகம், மாநகர சபை அல்ல. சபையிடம் போகவேண்டியது வடிகான், குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி போன்றவற்றுக்கு. தவறான கதவைத் தட்டி நாட்களை இழந்தவர்கள் பலர்.

பட்டியல் ஒட்டப்பட்டதும் போய்ப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழையானாலும் எழுத்தில் முறையிட்டு, திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பட்டியல் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையைப் பார்க்கலாம். சவூதி அரேபியாவின் உதவியில் அங்கு 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற பிணக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. கட்டிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றை மூடிக் கிடந்தன.

அரச காணியில் வீடு கிடைத்தால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் உறுதி அல்ல, அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அதில் பின்னுரித்தாளரை நியமிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நியமிக்காமல் ஒருவர் இறந்தால், சட்டத்தின் அட்டவணையே வாரிசைத் தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. மகளுக்குத்தான் வீடு என்று மனதில் வைத்திருப்பவர்கள் அதைப் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பதிந்துவிடுங்கள்.

பத்திரம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் உடனே கையொப்பம் வைக்கவேண்டாம். தமிழும் அரச கரும மொழி. தமிழ்ப் பிரதி கேளுங்கள், வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டுக்கார அம்மாவும் கூடவே போகட்டும்.