தண்டுவடத்தை அளக்கப் போகிறவர்களுக்கு

மாடியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஒருவரின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் கொடுத்தால், யார் கண்ணும் நேராக அடிபட்ட இடத்துக்குத்தான் போகும். இந்த ஆய்வுத்துறைக்கு வர நினைப்பவர் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழக வேண்டும். சேதம் அங்கேயே நிற்பதில்லை.

நரம்பிழையைத் துண்டித்தால், அதன் உயிரணுவிலிருந்து பிரிந்த பகுதி மெல்லச் சிதைகிறது. தவளையின் நரம்பை அறுத்து 1850-இல் இதைக் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். இன்று கத்தி தேவையில்லை. விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களை ஓராண்டு தொடர்ந்து ஸ்கேன் செய்து, சூரிக் நகரில் பாட்ரிக் ஃப்ராய்ண்ட் குழு 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. காயத்துக்கு மேலே தண்டுவடம் மெலிவதும், மூளையில் அசைவைக் கவனிக்கும் பகுதி சுருங்குவதும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்தன. மில்லிமீட்டருக்கும் குறைவான இந்த மெலிவை நம்பத்தக்கபடி அளப்பதுதான் உங்கள் வேலை.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் சுற்றியுள்ள திரவம் அதை அசைக்கும். மூச்சு படத்தைக் கலைக்கும். அறுவை சிகிச்சையில் பொருத்திய திருகாணிகள் பக்கத்தில் இருப்பதை மறைக்கும். இதில், நீரின் நகர்வை அளக்கும் 'டிஃப்யூஷன் டென்சர்' முறையும் சேர்ந்துகொள்ளும். நரம்பிழை நெடுகிலும் நீர் எளிதாக நகரும், குறுக்கே நகரத் தடுமாறும். பீட்டர் பாஸர் குழு 1994-இல் தந்த இந்த முறையில், அந்த வேறுபாட்டை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாக்குகிறார்கள். இழைகள் சிதைந்தால் எண் குறையும். நோயாளி அசைந்தாலும் எண் மாறும். எது எதனால் என்று பிரிக்கத் தெரியாதவர் போடும் வண்ணப்படம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

எப்படி நுழைவது? இயற்பியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்தவர் பைத்தானும் லினக்ஸும் கற்றுக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு கேட் தேர்வில் 2020 முதல் உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு. ஆனால் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டாம். மாண்ட்ரியல் பாலிடெக்னிக்கில் உருவான 'ஸ்பைனல் கார்ட் டூல்பாக்ஸ்' மென்பொருள் இலவசம். பயிற்சிப் படங்களும் கிடைக்கும். கழுத்தின் இரண்டாம், மூன்றாம் எலும்பு மட்டத்தில் தண்டுவடத்தின் குறுக்குப் பரப்பை அளந்து பாருங்கள். அடுத்த வாரம் அதே படத்தில் எல்லையைக் கையால் வரைந்து மறுபடி அளவிடுங்கள். இரண்டு எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்க முடிந்தால், நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் பேசும்.

ஸ்கேன் தொழில்நுட்பர்களே, உங்களைத் துணைப்பணியாளராக நினைத்துக்கொள்ளாதீர்கள். இதயத் துடிப்போடு ஒத்திசைத்துப் படம் எடுக்கத் தெரிந்தவர் இல்லாமல் இந்த ஆய்வே நடக்காது. பிசியோதெரபி படித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. உடலின் இருபுறமும் 28 உணர்வுப் புள்ளிகளைத் தொட்டுச் சோதித்து, காயத்தை ஏ முதல் ஈ வரை தரம்பிரிக்கும் 'ஏசியா' பரிசோதனையைச் சரியாகச் செய்யத் தெரிந்தால், எந்த ஆய்வுக் குழுவும் உங்களைத் தேடும்.

புத்தகங்கள் பின்பக்கத்தில் ஒதுக்கிவிடும் ஒன்றை இங்கே முன்னால் வைக்கிறேன். உணர்வில்லாத உடலை ஒரு மணி நேரம் ஒரே நிலையில் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வரலாம். மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் இருந்தால், சிறுநீர்ப்பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் எகிறும்; தலைவலியும் வியர்வையும் அதன் அறிகுறி. மெத்தை, சிறுநீர்க் குழாய், அழைப்பு மணி மூன்றையும் பார்த்த பிறகே இயந்திரத்தைத் தொடுங்கள். கை அசையாதவர் அந்த மணியை எப்படி அமுக்குவார் என்றும் முன்கூட்டியே யோசியுங்கள்.

1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முனைந்து 1966-இல் தொடங்கிய மறுவாழ்வு மையம் வேலூர் சி.எம்.சி.யில் இன்றும் இயங்குகிறது. அங்கேயோ உங்கள் ஊரில் உள்ள மறுவாழ்வுப் பிரிவிலோ அனுமதி கேட்டு ஒரு வாரம் போய் உட்காருங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு திறக்கலாம்.