நான்கு சித்திரை வீதியில் எது?

நவல்பட்டு எல்காட் ஐ.டி. வளாகத்தில் உங்களுக்கு முதல் வேலை. வாடிக்கையாளர் டேபிளில் முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என மூன்று நெடுவரிசைகள். ஒட்டி, முகவரிச் சீட்டு அச்சடிக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. கடைசி இரண்டும் காலி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இரட்டைக் கோடு (||) போட்டு ஒட்டினால் முதற்பெயரில் இருக்கும் ரங்கநாதனும் சேர்ந்து காணாமல் போவார். பிழைச்செய்தி எதுவும் வராது.

காரணம் அந்தக் காலி இடங்களில் இருக்கும் 'நல்' (NULL). தமிழில் எழுதினால் ஏதோ நல்ல சொல் மாதிரி இருக்கிறது; பொருள் என்னவோ 'மதிப்பு தெரியாது' என்பதுதான். தெரிந்ததோடு தெரியாததை ஒட்டினால் விடையும் தெரியாததே, இது எஸ்க்யூஎல் தரநிலையின் கணக்கு. ஆரக்கிள் மட்டும் தனி வழி: காலிச் சரத்தையே நல் என்று வைத்துக்கொண்டு, ஒட்டும்போது அதைக் கண்டுகொள்ளாமல் விடும்.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சரங்களை ஒட்டும் 'கான்கேட்' (CONCAT) என்ற அதே பெயர் கொண்ட ஃபங்ஷன், மைஎஸ்க்யூஎல்லில் ஒரு நல் இருந்தாலும் மொத்தத்தையும் நல் ஆக்கும். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் மீதியை ஒட்டித் தரும். 'எல்லாம் ஒன்றுதானே சார்' என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பெயருக்கு 'கான்கேட் டபிள்யூஎஸ்' போதும். பிரிப்பானை முதலில் கொடுத்தால் நல்களைத் தாண்டிப் போகும். எஸ்க்யூஎல் சர்வரில் இது 2017 பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் காலிச் சரத்தைத் தாண்டாது. பழைய கதவு எண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு காற்புள்ளி பல்லிளிக்கும். ட்ரிம் செய்து 'நல்இஃப்' வழியாக அதையும் நல் ஆக்கிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

முகவரியில்தான் உண்மையான சோதனை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு. உத்திர வீதியும் அப்படியே. திசை நெடுவரிசை நல் என்றால் அதே கான்கேட் டபிள்யூஎஸ் '12, சித்திரை வீதி, ஸ்ரீரங்கம் 620006' என்று அழகாக அச்சடித்துத் தரும். பார்க்கக் குறையே தெரியாது, தபால்காரர் மட்டும் நான்கு வீதியும் நடக்கவேண்டும். மொத்தமும் நல் ஆகியிருந்தால் உங்கள் கண்ணிலாவது பட்டிருக்கும்.

நடுப்பெயரைத் தாண்டலாம், திசையைத் தாண்டக்கூடாது. இந்த வேறுபாட்டை எந்த ஃபங்ஷனும் உங்களுக்காக முடிவு செய்யாது. திசை காலியான வரிகளைத் தனியே பிரித்தெடுத்து, அச்சுக்கு அனுப்புமுன் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.